மெடிட்டரேனியன் டயட்டும் இதயமும்: உங்க கேள்விக்கு பதில் சொல்றேன்

நான் டயட்டீஷியன், பெரும்பாலும் இதய நோயாளிகளோட தான் வேலை. மெடிட்டரேனியன் டயட்னா காய், பழம், பயறு, முழு தானியம், நட்ஸ், மீன், ஆலிவ் ஆயில் நிறைய, இறைச்சி, வெண்ணெய், இனிப்பு கம்மியா சாப்பிடற மத்திய தரைக்கடல் பக்கத்து சாப்பாட்டு முறை; அங்க சாப்பாட்டோட கொஞ்சம் ஒயினும் குடிப்பாங்க. இதைப் பத்தி வந்த கேள்விகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

கேள்வி: மூணு மாசமா சாலட்ல தினமும் ஆலிவ் ஆயில் ஊத்தி சாப்பிடறேன், மத்ததெல்லாம் பழையபடி தான். எல்டிஎல், அதான் கெட்ட கொலஸ்ட்ரால், அப்படியே நிக்குதே?

பதில்: அப்படித்தான் நிக்கும்ங்க. வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சியை குறைச்சு அந்த இடத்துல இந்த எண்ணெய் வரணும். வெண்ணெய், இறைச்சில எல்லாம் இருக்கற சாச்சுரேட்டட் கொழுப்பு குறைஞ்சா தான் லிவர் ரத்தத்துல இருக்கற எல்டிஎல்லை அதிகமா இழுத்துக்கும். பழைய சாப்பாட்டு மேலயே இதையும் ஊத்தினா டேபிள்ஸ்பூனுக்கு சுமார் 120 கலோரி கூடுது, அவ்ளோதான்.

கேள்வி: நிஜமாவே ஆதாரம் இருக்கா, இல்ல சும்மா ஃபேஷனா?

பதில்: இருக்கு. ஸ்பெயின்ல பிரெடிமெட்னு ஒரு ஆய்வு, 2013ல வந்துச்சு, இதய நோய் இன்னும் வராத ஆனா சுகர், பிரஷர் மாதிரி ரிஸ்க் இருந்த 7,400க்கும் மேல ஆளுங்க, ஒரு குரூப்புக்கு மெடிட்டரேனியன் டயட்டோட எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் ஆயில், இன்னொண்ணுக்கு அதே டயட்டோட தினம் 30 கிராம் நட்ஸ், மூணாவது குரூப்புக்கு கொழுப்பை குறைங்கன்னு அட்வைஸ் மட்டும். கிட்டத்தட்ட 5 வருஷத்துல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இதய நோய் சாவு மூணையும் சேர்த்து பார்த்தா முதல் ரெண்டு குரூப்லயும் சுமார் 30% கம்மி. தெளிவா குறைஞ்சது ஸ்ட்ரோக் தான். ஆளுங்களை குரூப் பிரிச்சதுல சில இடத்துல தப்பு நடந்திருந்ததால கட்டுரையை வாபஸ் வாங்கி 2018ல திரும்ப கணக்கு போட்டாங்க, முடிவு பெருசா மாறல. ஏற்கனவே இதய நோய் உள்ளவங்களை ஸ்பெயின்ல இருக்கற கோர்டோபா ஊர்ல 7 வருஷம் பார்த்த கார்டியோபிரெவ் ஆய்வுலயும் லோ ஃபேட் டயட்டை விட இது தான் மேல்னு 2022ல வந்துச்சு.

கேள்வி: டைப் 2 சுகர் இருக்கு. இதுல பழம், ரொட்டி எல்லாம் வருதே, ஏறாதா?

பதில்: ரொட்டி முழு தானியமா, அளவா இருக்கணும். பழத்தை ஜூஸ் போடாம கடிச்சு சாப்பிடுங்க. காய், பயறு, கொண்டைக்கடலை கூட இருந்தா நார்ச்சத்தால சர்க்கரை மெதுவா தான் ரத்தத்துல சேரும், மைதா, இனிப்பு விலகறதால ரத்தத்துல இருக்கற டிரைகிளிசரைடுங்கற கொழுப்பும் இறங்கும். இன்சுலின் போடறவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாறுங்க, பழைய டோஸே போட்டா லோ சுகர் ஆகிடலாம்.

கேள்வி: ஒயின் கட்டாயமா?

பதில்: வேணவே வேணாம். மதுவுல பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிடுச்சு.

கேள்வி: அப்பா இதய வால்வு மாத்தி, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறார். கீரை கொடுக்கலாமா?

பதில்: கொடுங்க, ஆனா திடீர்னு கூட்டாதீங்க, திடீர்னு நிறுத்தவும் வேணாம். கீரைல இருக்கற வைட்டமின் கே அந்த மாத்திரையோட வேலையை குறைக்கும், அதனால வாராவாரம் ஒரே அளவு போகட்டும். அளவை மாத்தறதுன்னா முதல்ல டாக்டர்கிட்ட சொல்லி ஐஎன்ஆர், அதான் ரத்தம் உறையற வேகத்தை காட்டற டெஸ்ட், பார்த்துக்கங்க.