பதில்: சாறி மாறி வந்தது, காசைத் திருப்பி எடுக்கலாமா?

தங்கச்சி, முகநூல் கடையில் படத்தைப் பார்த்துப் பட்டுச்சாறிக்கு வங்கியில் காசு போட்டீர்கள். கிளிநொச்சிக்கு வந்ததோ மெல்லிய நைலெக்ஸ். இப்போது "திருப்பி அனுப்புங்கோ, வேறு தாறம்" என்கிறார்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அந்தச் சாறிதான் உங்கள் கையில் இருக்கிற சான்று.

அந்தப் பதிவையும் வட்சப் உரையாடலையும் இன்றைக்கே படம்பிடித்து வையுங்கள். பார்சல் உறையையும் எறியாதீர்கள். அனுப்பினவரின் தொலைபேசி இலக்கம் அதில் இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது வைப்புச் சிட்டையில் உள்ள கணக்குப் பெயர். பக்கத்தின் பெயரை நாளுக்கொன்றாய் மாற்றலாம், வங்கிக் கணக்கை அப்படி மாற்ற ஏலாது.

அட்டையால் கட்டியிருந்தால் வங்கியிடமே முறையிட்டிருக்கலாம். நேரடி வைப்பு என்றபடியால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைதான் வழி. அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விவரம் கேளுங்கள், ஆனால் அதோடு நிற்காமல் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு மூன்று மாதம்தான் தவணை. "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று கடைக்காரர் இழுப்பதில் அந்த நாட்கள் போய்விடக் கூடாது. முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.