மலையுச்சியில் நடவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், தென்சீனத்தின் குய்லின் வட்டாரத்தில் நாங்கள் ஆறு பேர் குடும்பமாகச் சுற்றிவந்த ஒன்பது நாள்களைப் பற்றி எழுதியிருந்தேன். நானும் கணவரும், மகனும் மருமகளும், பத்து வயதுப் பேரனும், எழுபத்தாறு வயதான என் மாமியாரும் போயிருந்தோம். கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பெருஞ்சுவரும் ஷாங்காயும் இருக்க, ஒரு கிராமப்புறத்தைத் தேடிப் போனது ஏன்? (திருச்சி வாசகர்)

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தினேன். சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றம் என்ற பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் செங்குத்தான குன்றுகளை வரைவேன். அவற்றை நான் நேரில் பார்த்ததே இல்லை. மகனுக்குக் குவாங்சோவில் வேலை கிடைத்தது என்று கேட்டதும் என் நினைவு அந்தப் படத்துக்குத்தான் போனது. அங்கிருந்து குய்லினுக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். என் மாமியாரும் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "கட்டடம் எல்லா ஊரிலும் இருக்கிறது. எனக்கு அவர்களுடைய வயலைக் காட்டுங்கள்."

அரியலூரிலும் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அங்கே ஏன் அப்படிப்பட்ட குன்றுகள் இல்லை? (கோவைக் கல்லூரி மாணவி)

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வகுப்பறைக்குத் திரும்பியதுபோல் இருந்தது. மிக நல்ல கேள்வி.

இரண்டு இடங்களும் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தவை. அரியலூர்ப் பாறைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அவை டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக மாறி மாறி வரும். குய்லின் சுண்ணாம்புக்கல் அதைவிட மிக மூத்தது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்து, இறுகி, மிகுந்த தடிமனும் தூய்மையும் கொண்ட பாறையானது. பிறகு நிலம் மெல்ல உயர்ந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது; பாறையின் விரிசல்களில் இறங்கி அதைக் கரைக்கிறது. குய்லினில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அரியலூருக்குக் கிடைப்பது அதில் பாதியளவுதான். கெட்டியான பாறை, வெப்பம், பெருமழை, கோடிக்கணக்கான ஆண்டுகள் எல்லாம் கூடிய இடத்தில், விரிசல்கள் அகன்று பள்ளத்தாக்குகளாகின்றன. கரையாமல் எஞ்சியவை குன்றுகளாக நிற்கின்றன. தனித்தனியாக நிற்பவற்றைச் சீனர்கள் ஃபெங்லின் என்கிறார்கள், சிகரக் காடு என்று பொருள். அடிவாரம் ஒட்டிக் கொத்தாக நிற்பவை ஃபெங்சோங். தென்சீனச் சுண்ணாம்புநிலம் 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குய்லின் 2014-இல் அதில் இணைக்கப்பட்டது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள பெரிய குகைகளில் பச்சை, ஊதா, சிவப்பு விளக்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாகப் பல்லாயிரம் ஆண்டுகள் வளர்ந்த கல்லுக்குத் தனக்கென்று ஓர் அழகான வெளிர் நிறம் உண்டு. அதைப் பார்க்க வெள்ளை விளக்கு போதும்.

நாங்கள் சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்ற சென்னை வாசகியும் மற்றும் சிலரும்)

வேண்டாம், ஆனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் உண்பவள் என்று பொருள். வாயால் சொன்னால் மட்டும் போதாது. இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல கிராமச் சமையலறைகளில் கீரையையும் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குகிறார்கள். குய்லினின் பெயர்பெற்ற அரிசி நூடுல்ஸ் இறைச்சிச் சாற்றில் வரும். மூங்கில் குழாயில் வேகும் பசையரிசிச் சோற்றிலும் இறைச்சித் துண்டுகள் இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தவை பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, சோயாப் பனீர், வெள்ளைச் சோறு, பிறகு லிபு ஊர்க் கிழங்கு. லிபு, குய்லினுக்குத் தெற்கே உள்ள யாங்ஷுவோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் சேப்பங்கிழங்கின் உறவுக்காரக் கிழங்கு அங்கே ஒரு சிறு பூசணி அளவுக்கு விளைகிறது. வெட்டினால் உள்ளே ஊதா ரேகைகள் ஓடும். வேகவைத்தால் மாவாக உதிரும். கையோடு கொண்டுபோன பருப்புப் பொடியுடன் அதைச் சாப்பிட்ட இரவை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

அந்த வட்டாரத்துச் சிறுபான்மை இனமான யாவ் மக்களின் எண்ணெய்த் தேநீரையும் குடித்துப் பாருங்கள். தேயிலையை இஞ்சி, பூண்டுடன் எண்ணெயில் வதக்கி, இடித்துக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, பொரி தூவித் தருகிறார்கள். எந்த எண்ணெய் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாய் கசக்கும். இரண்டாவது கிண்ணத்தை நாமே கேட்போம்.

வயதானவர்களை அந்தப் படிக்கட்டு வயல்களுக்கு அழைத்துப்போக முடியுமா? (தஞ்சாவூர், மதுரை, கொழும்பு வாசகர்கள்)

முடியும். எந்த ஊரில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த வயல்கள் இருக்கும் மலைப்பகுதியின் பெயர் லோங்ஜி; டிராகனின் முதுகெலும்பு என்று பொருள். குய்லினிலிருந்து வடக்கே சாலை வழியாக இரண்டரை மணி நேரம். அங்கே இரண்டு பகுதிகளுக்கு மக்கள் போகிறார்கள்: சுவாங் என்னும் இன்னொரு இனத்தவர் வாழும் பிங்ஆன், செந்நிற ஆடை அணியும் யாவ் மக்கள் வாழும் தாஜாய். தாஜாயில் கம்பிவடத் தொட்டில் (கேபிள் கார்) இருப்பதால் உச்சிவரை முழங்கால் வலிக்காமல் போகலாம். மூட்டைகளை ஊர்ப் பெண்கள் முதுகுக் கூடையில் சுமந்துவருவார்கள். அவர்கள் சொல்லும் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஈரக் கற்படிகளில் உங்கள் பெட்டியைத் தூக்கி ஏறுகிறவர்களிடம் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் போனது மே மாதக் கடைசி வாரம். வயல் முழுவதும் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு துண்டு வானம். என் மாமியார் முத்துப்பேட்டைக்கு அருகில், காவிரியின் கடைமடையில் பிறந்து வளர்ந்தவர். மேட்டூர் திறந்தால் தங்கள் வாய்க்காலுக்குக் கடைசியில்தான் தண்ணீர் வரும் என்ற கவலையிலேயே இளமையைக் கழித்தவர். உச்சியில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை யார் ஏற்றினார்கள்?"

யாரும் ஏற்றவில்லை. மலைத்தலையில் காட்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மழையைக் காடு பிடித்துவைத்து ஊற்றாக விடுகிறது. கல் வாய்க்காலும் பிளந்த மூங்கில் குழாய்களும் அதை முதல் வயலுக்குக் கொண்டுவருகின்றன. முதல் வயல் நிறைந்தால் மடை வழியாக இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று மலையடிவாரம்வரை இறங்குகிறது. சீனத்தை ஆண்ட யுவான் வம்ச மன்னர்கள் காலத்தில், ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக வெட்டிய வயல்கள் இவை. பல வயல்கள் ஒரு தவளை ஒரே தாவலில் மூன்றைத் தாண்டிவிடும் அளவுக்குக் குறுகலானவை. இப்படி ஒரு பேச்சே அங்கே வழங்குகிறது.

கீழே இறங்கும் வழியில் ஒரு மூதாட்டி நடவு செய்துகொண்டிருந்தார். என் மாமியார் வரப்பிலேயே நின்றுவிட்டார். ஒரு குத்துக்கு எத்தனை நாற்று என்று விரல்களைக் காட்டிக் கேட்டார். அந்த அம்மா மூன்று விரல் காட்டினார். இவர் தலையாட்டி, எங்கள் ஊரிலும் மூன்று என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மா ஒரு நாற்று முடியை நீட்டினார். நான் தடுப்பதற்குள் இவர் வரப்பில் உட்கார்ந்து, கால்களைச் சேற்றில் விட்டு, கை எட்டிய தூரம்வரை ஒரு வரிசை நட்டுவிட்டார். நட்டு முடித்ததும் அந்த அம்மா குனிந்து வரிசையைப் பார்த்தார். ஒன்றே ஒன்றைப் பிடுங்கி, கொஞ்சம் நகர்த்தி நட்டார். மற்றவற்றைத் தொடவில்லை.

"தண்ணீர் சில்லென்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் இப்படி இருக்காது" என்றார் மாமியார், அறைக்கு வந்த பிறகும்.

அந்த விவசாயமே சுற்றுலாவுக்காக நடத்தும் காட்சி என்று படித்தேன். நீங்கள் மெய்மறந்து எழுதியிருக்கிறீர்களே? (புதுச்சேரி வாசகர்)

நேர்மையான கேள்வி. நானும் இதே சந்தேகத்துடன்தான் போனேன்.

சுற்றுலா இல்லாவிட்டால் அந்த வயல்களில் பல தரிசாகியிருக்கும் என்பது உண்மை. ஆண்டுக்கு ஒரே போகம். டிராக்டர் ஏறாது. விளைச்சல் மட்டும் சோறு போடாது என்பதால்தான் இளைஞர்கள் தொழிற்சாலை நகரங்களுக்குப் போனார்கள். இப்போது தாஜாயில் நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு ஊருக்கு வருகிறது. தன் வயலைத் தரிசு போடாமல் பயிர் செய்யும் குடும்பத்துக்கு அதிலிருந்து ஆண்டுதோறும் பணம் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2022-இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தாஜாயைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பே, 2018-இல், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தென்சீனப் படிக்கட்டு வயல்களை மரபு வேளாண்மைச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது.

பார்ப்பவர்களுக்காகவும் நடுகிறார்கள், உண்மை. அதனால் நாற்று பொய்யாகிவிடுமா? வரப்பு உடைந்தால் கீழே உள்ள ஐம்பது வயலும் சரியும். அதை அணைக்கும் கைகளில் இருப்பது உண்மையான சேறு. நம் டெல்டாவில் வயல் மனையாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, உழுபவனுக்கு உழுததற்காகவே பணம் தரும் ஓர் ஊர் இருக்கிறது என்பது பெரிய செய்தி. அதனால்தான் அப்படி எழுதினேன். இனியும் அப்படித்தான் எழுதுவேன்.

நீளக் கூந்தல் கிராமம் பற்றி இரண்டு வரியோடு முடித்துவிட்டீர்களே? (சேலம் வாசகி)

இடமில்லாமல் விட்டதுதான். ஹுவாங்லுவோ என்னும் அந்த யாவ் கிராமத்துப் பெண்கள் பதினெட்டு வயதையொட்டி ஒரே ஒரு முறை முடி வெட்டுகிறார்கள். வெட்டிய முடியைப் பத்திரப்படுத்தி, பிறகு கொண்டையில் சேர்த்துச் சுற்றிக்கொள்கிறார்கள். கொண்டை கட்டும் விதத்தைப் பார்த்தே திருமணமானவரா இல்லையா என்று ஊரார் சொல்லிவிடுவார்கள். புளித்த அரிசி கழுவிய நீரில் பம்ப்ளிமாஸ் தோல் போட்டுக் கொதிக்கவைத்துத் தலை அலசுகிறார்கள். என் பாட்டியும் அரிசிக் கழுநீரைக் கொட்டவிட மாட்டார், அதனால் எனக்கு வியப்பைவிட நெருக்கம்தான் தோன்றியது. முன்பெல்லாம் அவிழ்த்த கூந்தலை வீட்டாரைத் தவிர மற்றவர்கள் பார்க்கக் கூடாதாம். இன்று மேடையில் அவிழ்த்துக் காட்டுகிறார்கள். கேமராவை நான் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆற்றில் எந்தப் படகு நல்லது? (ஈரோடு வாசகர்)

குய்லினிலிருந்து யாங்ஷுவோவரை லி ஆற்றில் பெரிய படகில் போகலாம். நேரம் குறைவென்றால் ஷிங்பிங் அருகே சிறு தெப்பங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களால் ஆனவை, மோட்டார் இரைச்சல் அதிகம். மூங்கில் தெப்பத்தில் கழி ஊன்றிப் போக விரும்பினால் யூலோங் ஆற்றுக்குப் போங்கள். குழந்தைகளுடன் போகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

நீர்க்காகங்களோடு விளக்கேற்றி நிற்கும் மீனவர் படம், ஏறக்குறைய எப்போதுமே காசு கொடுத்து எடுப்பது. அந்தப் பறவைகளைக் கொண்டு மீன் பிடித்துப் பிழைப்பு நடத்திய காலம் முடிந்துவிட்டது.

ஏமாற்றங்களே இல்லையா? (மூன்று வாசகர்கள்)

இருந்தன. வாடகைக்கு அமர்த்திய ஓட்டுநர் ஒருவர், கேட்காமலேயே ஒரு நகைக்கற்கடையில் வண்டியை நிறுத்தி ஒன்றரை மணி நேரத்தை வீணடித்தார். அந்த மாலை வெளிச்சம் திரும்பக் கிடைக்கவில்லை. எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது என்று புறப்படும் முன்பே எழுதிக் காட்டிவிடுங்கள். இன்னொன்று, கடைகளில் பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான் பணம் வாங்குகிறார்கள். அலிபே என்னும் பணம் செலுத்தும் செயலியில் உங்கள் வங்கி அட்டையை இங்கிருக்கும்போதே இணைத்து, சில நூறு யுவான் நோட்டுகளையும் வைத்திருங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் வரைபடச் செயலி அங்கே வேலை செய்யாது.

எல்லாவற்றையும்விட, மலையில் ஒரே இரவு தங்கியதுதான் எனக்குக் குறை. மூன்று இரவுகள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

எப்போது போகலாம்? (பலர்)

நீர் நிறைந்த வயலும் நடவும் வேண்டுமென்றால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை. ஆனால் அது பெருமழைக் காலம். 2024 ஜூனில் குய்லின் நகரின் பல பகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தேதியில் ஓரிரு நாள் தளர்வு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மலை முழுக்கப் பச்சை, வெயிலும் கடுமை. கதிர் முற்றிப் பொன்னிறமாவது செப்டம்பர் பிற்பகுதியில். அக்டோபர் முதல் வாரம் சீனர்களின் தேசிய விடுமுறை, அப்போது போகவே போகாதீர்கள்.

என் மாமியார் தான் நட்ட வரிசை தூர் கட்டியிருக்குமா என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். செப்டம்பர் இருபதுக்கு மகன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான்.