மால்ட் மிகுந்த ஐபிஏவைச் சுவைத்து மதிப்பெண் இடுதல்: கேள்வி பதில்

பியர் சுவைப்பதைப் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மிகுந்த இந்தியா பேல் ஏல் (சுருக்கமாக ஐபிஏ) என்னும் பியர் வகை குறித்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். எல்லோரும் ஒரே பியரை மனத்தில் வைத்துப் படிக்க வசதியாக, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் மில்டன் என்னும் ஊரில் காய்ச்சப்படும் டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனத்தின் ‘90 மினிட் ஐபிஏ’வை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கேள்வி: ஐபிஏ என்றாலே ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்புதானே, ஐயா? மால்ட் மிகுந்த ஐபிஏ என்று சொல்வது முரணாக இல்லையா?

முரண் இல்லை. ஆனால் இதைப் பழைய மரபு என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்தில், ஜிப்சம் கலந்த கிணற்று நீரில் காய்ச்சிய பேல் ஏல், வெளிர் மால்ட்டால் ஆனது. அதில் இருந்த சர்க்கரையை ஈஸ்ட் பெரும்பாலும் தின்று தீர்த்துவிடும் என்பதால், அது இனிப்பற்ற, வறண்ட பியராகவே இருந்தது. சர்க்கரைப் பாகின் மணமும் செம்பு நிறமும் கொண்ட ஐபிஏ பரவலானது 1980களிலும் 1990களிலும், அமெரிக்கக் கைவினை ஆலைகள் கிரிஸ்டல் மால்ட்டைத் தாராளமாகச் சேர்க்கத் தொடங்கியபோதுதான். பின்னர் மேற்குக் கரை ஆலைகள் அந்த மால்ட்டைக் குறைத்தன. அதன்பின் கலங்கலான, பழச்சாறு போன்ற ஐபிஏ வந்து சந்தையை நிறைத்தது. ஆகவே இன்று ‘மால்ட் மிகுந்தது’ என்று நாம் தனியே பெயர் சொல்லிக் குறிப்பது, ஒரு தலைமுறைக்கு முன் மிகவும் இயல்பாகக் கிடைத்த ஒன்றையே.

கேள்வி: இந்தியாவுக்குச் செல்லும் கப்பலில் கெடாமல் இருக்கவே ஐபிஏவைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

அப்படி ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்ததற்குச் சான்று இல்லை. அந்தப் பெயர் அச்சில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேல் ஏலும், கருநிறப் போர்ட்டரும் இந்தியாவுக்குக் கப்பலேறி நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் சரக்கு அவற்றுள் புகழ்பெற்றது. வெப்பநாட்டுக்கு அனுப்பும் பியரில் ஹாப்ஸைக் கூடுதலாக இடுவது அக்காலக் காய்ச்சுநர்களின் பொதுவான வழக்கம்.

கேள்வி: ‘90 மினிட்’ என்ற பெயருக்கும் சுவைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்தில் இட்டால் அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தருகின்றன; ஆனால் மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகிப் போகின்றன. இறுதியில் இட்டால் மணம் தங்கும், கசப்பு குறையும். இதனால்தான் பெரும்பாலான ஆலைகள் இரண்டு மூன்று தவணைகளாக இடுகின்றன. டாக்ஃபிஷ் ஹெட்டை நிறுவிய சாம் கலஜியோனி, ஒரு சமையல் நிகழ்ச்சியில் மிளகைச் சூப்பில் சிறிது சிறிதாகத் தொடர்ந்து சேர்ப்பதைப் பார்த்துவிட்டு, ஹாப்ஸையும் அப்படிச் செய்யலாமே என்று எண்ணினார். அதிரும் பலகை கொண்ட ஒரு பழைய கால்பந்து விளையாட்டுப் பொம்மையைக் கொதிகலனுக்கு மேலே பொருத்தி, அந்த அதிர்வில் ஹாப்ஸ் தானாகவே விழும்படி செய்து பார்த்தார். 2001இல் வெளிவந்த இந்தப் பியரில் 90 நிமிடக் கொதி முழுவதும் ஹாப்ஸ் விழுந்துகொண்டே இருக்கிறது. என் நாக்குக்குத் தெரியும் விளைவு இதுதான்: கசப்பு ஓரிடத்தில் குத்தாமல், மால்ட்டோடு சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகிறது.

கேள்வி: அதில் கசப்பு அலகு 90, ஆல்கஹால் 9 விழுக்காடு என்கிறார்கள். ஆனால் 60 அலகு கொண்ட வேறொரு ஐபிஏதான் எனக்கு அதிகமாகக் கசந்தது. என் நாக்கில் குறையா?

குறை இல்லை, அம்மா. நீங்கள் உணர்ந்தது சரியானது. ஓர் அலகு என்பது ஏறக்குறைய ஒரு லிட்டரில் கரைந்த ஒரு மில்லிகிராம் கசப்புப் பொருள். அது ஆய்வகத்தின் அளவு, நாக்கின் அளவு அன்று. நாக்கு எப்போதும் கசப்பை இனிப்போடு ஒப்பிட்டே உணர்கிறது. நொதிக்கும் முன் 1.060 அடர்த்தி கொண்ட கரைசலில் 60 அலகு இருந்தால், அலகை அடர்த்தியின் கடைசி இரு இலக்கங்களான 60ஆல் வகுக்க, விகிதம் ஒன்று. அதே 60 அலகை 1.085 அடர்த்தி கொண்ட கரைசலில் வைத்தால் விகிதம் 0.7 அளவுக்கு இறங்கிவிடும். பாகற்காய்க் குழம்பில் வெல்லம் சேர்ப்பது கசப்பை நீக்குவதில்லை, அதன் முனையை மழுக்குகிறது. அது போலத்தான் இதுவும்.

கேள்வி: சுவைக்கும் முறையை வரிசையாகச் சொல்ல முடியுமா?

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மிகுந்த குளிர் மால்ட்டின் மணத்தை அடக்கி, கசப்பை மட்டும் மேலே நிறுத்தும். இத்தகைய வலுவான ஐபிஏவை 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில், எண்ணெய்ப் பசையோ சோப்பு வாடையோ இல்லாத, வாய் சற்றுக் குவிந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் மணத்தையே முதலில் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் விரைவில் மறைவது அதுதான். நிறமும் நுரையும் காத்திருக்கும். பிறகு ஒரு சிறு மிடறை நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கி, மூக்கின் வழியாக மூச்சை விடுங்கள். பியரை விழுங்கியே மதிப்பிட வேண்டும். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி முடிகிறது என்பது விழுங்கிய பின்னரே தெளிவாகும். பதினைந்து நிமிடம் கழித்து, கோப்பை சற்று வெதுவெதுப்பானதும் மீண்டும் ஒரு மிடறு சுவையுங்கள். முதல் மிடறில் மறைந்திருந்த ஆல்கஹாலின் காரமும் மால்ட்டின் ஆழமும் அப்போதுதான் வெளிப்படும்.

கேள்வி: மால்ட் சுவை என்பதும் இனிப்பு என்பதும் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். இரண்டும் வேறு. இனிப்பு என்பது ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரை. அது நாக்கில் படும். மால்ட் சுவை என்பது முளைகட்டிய பார்லியை உலர்த்தி வறுக்கும்போது உண்டாகும் மணங்கள். அது மூக்கில் உணரப்படும். ரொட்டியின் பொன்னிற மேலோடு, பிஸ்கட், வறுத்த கடலை, நிறம் மாறத் தொடங்கிய சர்க்கரைப் பாகு ஆகியவற்றை அதில் காணலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு பருகிப் பாருங்கள்: அப்போது எஞ்சி நிற்பது இனிப்பும் கசப்பும் மட்டுமே. மூக்கை விட்டதும் பாய்ந்து வருவது மால்ட்டும் ஹாப்ஸும்.

ஒரு நல்ல மால்ட் மிகுந்த ஐபிஏவில் அந்த மணம் நிறைவாக இருக்கும், ஆனால் முடிவு ஓரளவு வறண்டிருக்கும். அடுத்த மிடறுக்கு வாய் தானாகவே ஏங்கும். உதடு ஒட்டுகிறது, இரண்டாவது மிடறிலேயே திகட்டுகிறது என்றால் அது மால்ட்டின் சிறப்பு அன்று, நொதித்தலின் குறை. அதற்கு உயர்ந்த மதிப்பெண் தருவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: தேன் போலவும் நனைந்த அட்டை போலவும் மணக்கிறதே, அதுவும் மால்ட்டா?

அன்று. ஆக்சிஜன் பட்டு மூப்படைந்ததன் அடையாளம் அது. நானும் ஒரு கடையில் அலமாரியின் மேல்தட்டில் வெகுநாள் இருந்த புட்டியை வாங்கி, அந்தத் தேன் மணத்தை மால்ட் என்று பாராட்டிக் குறிப்பெழுதிவிட்டேன். பிறகு புதிய புட்டியைத் திறந்தபோதுதான் என் பிழை விளங்கியது, அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன். கிரிஸ்டல் மால்ட் மிகுந்த பியரில் இந்தப் பழமை நயமாக ஒளிந்துகொள்ளும் என்பதால், அடைத்த தேதியைப் பார்க்காமல் மதிப்பெண் இட வேண்டாம். வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மணம் வந்தால் அது டயாசெட்டைல் என்னும் வேறு குறை. பச்சை அல்லது நிறமற்ற புட்டியில் வெளிச்சம் பட்டு எழும் கந்தக நாற்றம் மூன்றாவது.

கேள்வி: 90 மினிட்டுக்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? எதற்காக?

பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் ஐம்பது மதிப்பெண் படிவத்தைப் பயன்படுத்துகிறேன். அதில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. இவற்றில் நான் தருவது முறையே 10, 3, 17, 4, 8, ஆக 42. மணத்தில் ஆரஞ்சுத் தோலும் பைன் பிசினும் பாகும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கின்றன. இந்தப் பியர் அடங்கும், வலுக் கூடிய இரட்டை ஐபிஏ என்ற வகைக்கு எழுதப்பட்ட விதியோ மால்ட்டை அடக்கமாகவே எதிர்பார்க்கிறது. இந்தப் பியர் அந்த எல்லையைத் தாண்டுவதாலும், வெதுவெதுப்பானதும் ஆல்கஹால் சற்றே சுடுவதாலும் சுவையில் மூன்று குறைத்தேன். வகைப் பெயரை மறைத்து, இது எவ்வளவு இன்பம் தந்தது என்று மட்டும் கேட்டிருந்தால் கூடுதலாகவே தந்திருப்பேன்.

கேள்வி: ஒரே அமர்வில் எத்தனை ஐபிஏவை மதிப்பிடலாம்?

இந்த வலுவுள்ளவற்றில் மூன்று, ஒவ்வொன்றிலும் 60 முதல் 90 மில்லிலிட்டர். கசப்பு நாக்கில் சேர்ந்துகொண்டே போகும். நான்காவது கோப்பைக்கு நீதி கிடைக்காது. இடையிடையே நீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வண்டி ஓட்டாதீர்கள்.