வயிற்றில் சிவப்பு வரி, தொடையில் வெள்ளை வரி: லேசர் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. எட்டு மாதங்களுக்கு முன் சிசேரியனில் குழந்தை பிறந்தது, தாய்ப்பால் கொடுக்கிறேன். அடிவயிறு முழுக்கக் கருஞ்சிவப்பாக ஸ்ட்ரெச் மார்க்ஸ். தொடையின் வெளிப்பக்கம் பள்ளி நாட்களிலிருந்தே வெள்ளை வரிகள் உண்டு. ஆறு முறை லேசர் செய்தால் முழுதாகப் போய்விடும், மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள் ஒரு கிளினிக்கில். செய்துகொள்ளலாமா? தொடை இடுக்கில் படர்தாமரைக்காக மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை நான்கு மாதமாகப் போடுகிறேன். அங்கும் புதிதாகச் சிவப்பு வரிகள் வருகின்றன.

பதில்: லேசரைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தக் களிம்பு டியூபை எடுத்துப் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை இரண்டே நாளில் அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து உள்ளே கிழியும். தொடை இடுக்கில் தோலும் தோலும் ஒட்டி வியர்த்துக் கிடப்பதால் மருந்து அதிகம் உறிஞ்சப்படுகிறது, சேதமும் சீக்கிரம் வருகிறது. அங்கே வந்திருப்பது பிரசவ வரியாக இருக்க வாய்ப்பு குறைவு. களிம்பு தொடரும் வரை எந்த லேசருக்கும் அர்த்தமில்லை. நிறுத்தியதும் சில நாள் அரிப்பும் சிவப்பும் கூடும். பயந்து மறுபடி தடவாதீர்கள். தோல் மருத்துவரைப் பார்த்துப் பூஞ்சைக்கான மருந்தை அவர் சொல்லும் வாரங்கள் முழுக்கப் போடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது படர்தாமரை இருந்தால் அவர்களும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும்.

இனி வயிறு. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தை வரியின் மேல் அழுத்திப் பாருங்கள். சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்ப வந்தால் அங்கே ரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்திருக்கின்றன, காயம் ஆறிக்கொண்டிருக்கிறது. தொடையில் உள்ள வெள்ளை வரியில் அப்படி எதுவும் நடக்காது. அது ஆறி முடிந்த தழும்பு. தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் நார்கள் அறுந்து, மேல்தோல் சிகரெட் தாள் போலச் சுருங்கிக் கிடக்கும். சிகிச்சைக்கு நன்றாக மசிவது சிவப்பு வரிதான். அதே சிவப்பு வரி ஒன்றும் செய்யாமலே ஓரிரு வருடத்தில் வெளிறி மங்கிவிடும் என்பதையும் கிளினிக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

சிவப்பு நிலையில் இரவில் போடும் டிரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்புக்குப் பலன் உண்டு. மாற்றம் தெரிய ஐந்தாறு மாதம் பிடிக்கும். உங்களுக்கு இப்போது வேண்டாம். அடிவயிறு பெரிய பரப்பு, குழந்தையின் தோலும் அதில் படும். பால் நிறுத்திய பிறகு, அடுத்த கர்ப்பத்துக்கு இடைவெளி உறுதி என்றால் மட்டும் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், வைட்டமின் ஈ எல்லாம் வறட்சிக்கும் அரிப்புக்கும் நல்லவை; வரியை அழிக்காது.

லேசரில் நம் நிறத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மாநிறத் தோலில் சூடு பட்டாலே நிறமி அணுக்கள் விழித்துக்கொள்ளும். தோலுக்கு நிறம் தரும் மெலனினை நேரடியாகக் குறிவைக்காத, புள்ளி புள்ளியாகச் சுடும் கார்பன் டை ஆக்சைடு ஃப்ராக்‌ஷனல் லேசரில்கூட, புள்ளிகளை நெருக்கமாக வைத்தாலோ சக்தியைக் கூட்டினாலோ, வரி இருந்த இடத்தில் கறுப்புக் கட்டம் கட்டமாக அச்சு விழும். அது மங்க மாதங்கள் ஆகும். தோலின் மேற்பரப்பைச் சுட்டு எடுக்காத 1540, 1550 நானோமீட்டர் அலைநீள லேசர்களில் இந்த ஆபத்து குறைவு. சிவப்புக்கென்றே உள்ள 595 நானோமீட்டர் லேசரை மெலனினும் உறிஞ்சும். நம் நிறத்தில் மிகக் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும்.

செலவையும் ஆபத்தையும் சேர்த்து எடைபோட்டால், நம் தோலுக்கு மைக்ரோநீடிலிங்கை, அதாவது நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் சிகிச்சையை, முதலில் யோசிப்பதே சரி. சூடு இல்லை. வயிற்றுத் தோலில் ஊசி சுமார் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் போக வேண்டும்; ஊசிமுனை அளவு ரத்தப் பொட்டுகள் தெரிந்ததும் நிறுத்துவார்கள். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் நான்கைந்து முறை. ஆன்லைனில் விற்கும் அரை மில்லிமீட்டர் ரோலர் அந்த ஆழத்தைத் தொடாது. நீள ஊசி வாங்கி வீட்டில் உருட்டினால் சீழ் பிடிக்கும். இன்னொன்று, மரத்துப்போகும் களிம்பை வீட்டிலேயே வயிறு முழுக்கத் தடவி பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெரிய பரப்பில் மருந்து ரத்தத்தில் ஏறினால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். கிளினிக்கிலேயே, பகுதி பகுதியாகத்தான் போட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் ஒரு வாரம் பாவாடை நாடாவை அந்த இடத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். ஊசி பட்ட தோலில் நாடா உரசினால் அந்தக் கோடு அப்படியே கறுத்துவிடும். தளர்ந்த பருத்தி உடை, வாஸ்லின், அவ்வளவே.

தொடையின் வெள்ளை வரிகளில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சுருக்கம் குறைந்து கொஞ்சம் வழவழப்பாகும். 308 நானோமீட்டர் ஒளியால் நிறம் ஏற்றலாம். ஆனால் ஓரங்களும் கறுக்கும்; விட்டுவிட்டால் ஏற்றிய நிறம் சில மாதத்தில் வெளிறும். மறைத்தே ஆக வேண்டும் என்றால் உடல் மேக்கப் இதைவிட மலிவு.

‘முழுதாகப் போய்விடும்’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அகலம் குறையும், நிறம் சுற்றுத்தோலோடு ஓரளவு சேரும், கிடைப்பது அதுதான். வெட்டுத் தழும்பு தடித்து வளரும் உடல்வாகு என்றால், உங்கள் சிசேரியன் தழும்பே அதைக் காட்டிக்கொடுக்கும். அது மேடாகி அரித்தால் எந்தச் சிகிச்சைக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வரிகள் ஒரு சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டி ஊதா நிறத்தில் இருந்து, முகமும் உப்பி, தரையிலிருந்து எழவே சிரமமாக இருந்தால் கார்டிசால் என்ற ஹார்மோனுக்கான பரிசோதனை தேவை.

பால் நிறுத்தி, எடை ஒரு நிலைக்கு வந்த பிறகு போங்கள். ஓரிரு வருடத்தில் அடுத்த குழந்தை என்று எண்ணமிருந்தால் அதற்கும் பிறகு. இயந்திரத்தின் பெயர், அதில் வைத்த சக்தி அளவு இரண்டையும் எழுதி வாங்குங்கள். புடவைக்குள் மறையும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் சோதனை செய்து, ஆறு வாரம் பார்த்த பிறகே மீதி. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியே பணம் கொடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே தூரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று முறை முடிந்து மூன்று மாதம் கழித்தும் போட்டோவில் வித்தியாசம் தெரியாவிட்டால் நான்காவது முறைக்குப் போகாதீர்கள்.