சில் பேனலை வெட்டும் முன்

பழைய காரின் இரண்டு பக்கத் துருப்பிடித்த சில் பேனல்களையும் (கதவுகளுக்குக் கீழே காரின் நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பகுதி) ஒரே நேரத்தில் வெட்டி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத பழைய காரின் பலத்தில் பெரும்பங்கு சில்லில்தான் இருக்கிறது. அதை எடுத்ததும் நடுப்பகுதி தொய்ந்தால் அப்புறம் கதவு சரியாக மூடாது.

முதலில் கதவு வாசலின் குறுக்கே, கதவு மூட இடம் விட்டு, உள்பக்கமாக ஓர் இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். புதுப் பேனலைக் கிளாம்பில் பிடித்து, நாலைந்து புள்ளி வெல்டு மட்டும் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சீராக இருந்தால்தான் முழு வெல்டு. அதையும் ஒரே இழுப்பில் போடாமல் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். சூட்டில் தகடு நெளிந்துவிடும். நான் அவசரப்பட்டு ஒரு நல்ல பேனலையே பாழாக்கியிருக்கிறேன். பெயின்ட் அடித்த பிறகு சில்லின் உள்ளே மெழுகு அடித்துவிடுங்கள், துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் கிளம்பும்.