பண்டைய கிரேக்க, லத்தீன் நகரப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ரோமுலஸ் நிறுவியதால்தான் ரோம் என்று பெயர் வந்ததா?

பதில்: மரபுக் கதை அவ்வாறே கூறுகிறது. ஆனால் ஆய்வாளர் பெரும்பாலோர், ‘ரோமா’ என்னும் ஊர்ப்பெயரே முந்தியது என்றும், அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியே ரோமுலஸ் என்னும் நாயகன் பின்னர்ப் புனையப்பட்டான் என்றும் கருதுகின்றனர். இன்று இஸ்தான்புல் எனப்படும் பைசாந்தியத்தைப் பைசாஸ் என்பவன் நிறுவினான் என்னும் கதையும் இத்தகையதே. ஊரின் பெயரையே தாங்கிய பழங்கால நிறுவனர் எவரையும் நான் ஐயத்துடனேயே அணுகுவேன்.

கேள்வி: அப்படியானால் ஆள்பெயரால் அமைந்த நகரங்களே இல்லையா?

பதில்: அலெக்சாண்டருக்குப் பிந்தைய காலத்தில் ஏராளம் உண்டு. அலெக்சாண்டரின் படைத்தலைவனாயிருந்து பின்னர் மன்னனான செலூக்கஸ், தந்தை அந்தியோக்கஸின் பெயரால் அந்தியோக்கியாவையும், தாய் லவோதிக்கேயின் பெயரால் இன்று லத்தாக்கியா எனப்படும் நகரையும், மனைவி அபாமாவின் பெயரால் அபாமேயாவையும் அமைத்தான்; குடும்பத்தில் ஒருவரையும் அவன் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: ஏதென்ஸ், கொரிந்து ஆகியவற்றுக்குக் கிரேக்கத்தில் என்ன பொருள்?

பதில்: கிரேக்கத்தில் தேடினால் கிடைக்காது. ‘கொரிந்தோஸ்’ என்பதிலுள்ள ‘ந்தோஸ்’, கிரீட் தீவின் பழைய நகரான ‘க்னோசோஸ்’ என்பதிலுள்ள ‘சோஸ்’ ஆகிய ஈறுகள், கிரேக்க மொழி அந்நிலத்துக்கு வருவதற்கு முன் அங்கு வழங்கிய மொழியின் எச்சங்கள் எனக் கொள்ளப்படுகின்றன. ஏதென்ஸின் பெயரும் அவ்வாறே பழையது. அதீனா தேவியின் பெயரால் ஊர் அமைந்தது என்பதைவிட, ஊரின் பெயரே தேவிக்கு அமைந்தது என்ற கருத்துக்கு இன்று ஆதரவு மிகுதி.

கேள்வி: இத்தாலியின் நேப்பிள்ஸுக்கும் பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைப் பகுதியிலுள்ள நாப்லுஸுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: ஊர்களுக்குத் தொடர்பில்லை, பெயர் ஒன்றே. இரண்டும் ‘நெயாபொலிஸ்’, அதாவது புதுநகர். ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் காலத்தில், கி.பி. 72இல், நிறுவப்பட்ட பிளாவியா நெயாபொலிஸ், அரபு மொழியில் வல்லொலிப் பகரம் இல்லாமையால் நாப்லுஸ் ஆயிற்று. இன்றைய லெபனான் கரையிலிருந்து சென்ற பினீசியர் வட ஆப்பிரிக்காவில் தாம் அமைத்த நகருக்கு வைத்த ‘கார்த்தேஜ்’ என்னும் பெயருக்கும் பொருள் புதுநகரே. அப்பெயரையே ஸ்பெயினில் கார்த்தேஜினர் மீண்டும் வைக்க, ரோமானியர் அதை ‘கார்த்தாகோ நோவா’ என்றனர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், புதிய புதுநகர். இன்று அது கார்த்தஹேனா.

கேள்வி: தீய சகுனம் கருதி ரோமானியர் ஊர்ப்பெயர்களை மாற்றினரா?

பதில்: மாற்றினர். இத்தாலியின் மலெவென்டம் என்ற ஊரின் பெயர் அவர்கள் செவிக்கு ‘தீய வரவு’ என ஒலித்தமையால், கி.மு. 268இல் அங்கே குடியேற்றம் அமைத்தபோது அதை ‘நல்வரவு’ எனப் பொருள்படும் பெனவென்டம் ஆக்கினர். பழைய பெயர் லத்தீனே அன்று என்பதால் அதில் தீமை ஏதும் இருந்ததில்லை.