கியர் ஆயில் பால்போல வந்தால் யாரைச் சந்தேகிப்பது?

மும்பையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. படகு கரையேறிய பிறகுதான் பலருக்கும் அவுட்போர்டு மோட்டாரின் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்) அடிப்பெட்டி, அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கியர் பெட்டி, நினைவுக்கு வருகிறது. வெர்சோவாவில் அந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுவதே என் பிழைப்பு. நம் ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணாச்சி, கியர் ஆயிலை வடித்தால் பால் காபி நிறத்தில் வருகிறது. மோட்டார் போய்விட்டதா? (வெர்சோவா)

போகவில்லை தம்பி. ஓட்டி வந்த சூட்டோடு திறந்திருந்தால், காற்றுக் குமிழி கலந்தும் ஆயில் மங்கலாகத் தெரியும். கண்ணாடி டம்ளரில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். காற்று என்றால் விடிவதற்குள் தெளிந்துவிடும். காபி காபியாகவே நின்றால் தண்ணீர்தான். அவசரம் என்றால் சூடான தோசைக்கல்லில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் கலந்த ஆயில் கடுகு தாளித்ததுபோலப் படபடவென்று பொரியும். வீட்டில் புழங்கும் கல்லை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன்; இரண்டு நாள் கடையில்தான் சாப்பாடு.

போன மாதம்தான் புரொப்பல்லர் சீல் (தண்டைச் சுற்றி ஒழுகலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன். திரும்பவும் தண்ணீர். சீல் போலியா? (மட் தீவு)

சீலைத் திட்டுவதற்கு முன் தண்டைப் பாருங்கள். புரொப்பல்லரைக் கழற்றி, சீல் உட்காரும் இடத்தில் தண்டின்மீது நகத்தை நெடுக்காக இழுங்கள். நகம் தடுக்கினால் பழைய சீல் அங்கே பள்ளம் அறுத்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின்மேல் எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகும்.

அடுத்து தங்கூசி நரம்பு, அதாவது நைலான் தூண்டில் நரம்பு. சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை, அதாவது தண்டைத் தொடும் விளிம்பை, அறுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. புரொப்பல்லருக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும்.

மூன்றாவது, மாட்டிய திசை. பல மோட்டார்களில் அங்கே இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும். ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்துகிறது, மற்றது கடலை வெளியே நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே பக்கம் பார்த்து மாட்டி வந்த பெட்டிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நசுங்கியிருந்தாலும் இதே கதைதான்.

எங்கே ஒழுகுகிறது என்று பெட்டிக்குள் காற்றடித்துச் சோதிப்பது எப்படி? (மாஹிம்)

ஆயிலை முழுக்க வடியுங்கள். ஆயில் திருகுகளின் ஒரு துளையை அடைத்து, மற்றதில் அளவுமானி உள்ள கைப் பம்பைப் பொருத்துங்கள். முதலில் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) போதும். அழுத்தம் கூடினால் தளர்ந்த சீலின் உதடும் தண்டோடு ஒட்டி நல்லபிள்ளையாக நடிக்கும். பிறகு 10 வரை ஏற்றலாம். கையேட்டில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். முள் இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் பாருங்கள். தண்டுகளைக் கையால் சுற்றுங்கள், கியர் கம்பியை ஆட்டுங்கள். நிற்கும்போது ஒழுகாதது சுற்றும்போது ஒழுகும். சோப்பு நுரை தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி எழும். மேலே செங்குத்துத் தண்டில் எழுந்தால், தண்ணீர் பம்புக்கு அடியிலுள்ள சீல்தான் குற்றவாளி. பம்பைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது.

காற்றில் தேறிய பெட்டியும் கடலில் ஒழுகலாம். வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும் உதட்டை அறிய, உறிஞ்சும் பம்பு வைத்து வெற்றிடச் சோதனையும் செய்ய வேண்டும்.

வடிகால் திருகின் பழைய வாஷரையே போடலாமா? (தாராவி)

கூடாது. சில ரூபாய் வாஷரில் மிச்சம் பிடித்துப் பல ஆயிரத்துக்குக் கியர் வாங்காதீர்கள்.

மோட்டாரைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறம் மிதக்கிறது. கியர் ஆயில் கசிகிறதா? (வெர்சோவா)

டூ-ஸ்ட்ரோக்கா, அதாவது பெட்ரோலோடு ஆயிலையும் எரிக்கும் எஞ்சினா? பெரும்பாலான மோட்டார்களில் புகை புரொப்பல்லரின் நடுத்துளை வழியாகத்தான் வெளியேறுகிறது. எரியாத ஆயிலும் அதோடு வரும். அடிப்பெட்டியின் ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

பழைய மோட்டார் ஒன்று வாங்கப்போகிறேன். நேற்றுத்தான் ஆயில் மாற்றினாராம். நம்பலாமா? (சயான்)

விற்பதற்கு முந்தின நாள் மாற்றிய ஆயில் எனக்கு எப்போதும் உறுத்தும். ஒரு மணி நேரம் கடலில் ஓட்டச் சொல்லுங்கள். இரவு முழுக்க நிமிர்த்தி நிறுத்திவைத்து, காலையில் அடித் திருகை மட்டும் லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். திருகில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற படலம் சாதாரணம். விரலில் குத்தும் துண்டுகள் வந்தால், முன்பணம் கொடுக்காமல் ரயிலேறுங்கள்.